‘எம்3’ தலையில் ஒரு குட்டி 5: சுத்தமான இடைவெளியைக் காகிதத்தில் எழுதுவது எப்படி?

உங்கள் மகள் பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள், சனிக்கிழமைகளில் தேக்கா பக்கம் கர்நாடக வயலின் வகுப்புக்கும் போகிறாள். அவளுடைய நோட்டில் ‘எம்3’ என்று எழுதி, அதன் தலைமேல் பொடிசாக ஒரு 5 போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். கேட்டால், ‘இது சுத்தமான மேஜர் தேர்ட்’ என்கிறாள், அதாவது ஸ-விலிருந்து அந்தர காந்தாரம் (க3) வரை உள்ள இடைவெளி. இது என்ன குறியீடு, நம் ஸ்வரங்களையும் இப்படி எழுதலாமா, ஒரு ஸ்தாயிக்குள் இருப்பதாக நூல்கள் சொல்லும் 22 சுருதியும் இதில் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி. அடியில் கிடப்பது ஒன்றுதான். காது ‘சேர்ந்துவிட்டது’ என்று சொல்லும் ஓர் இடத்தை, பார்த்த மாத்திரத்தில் இன்ன விகிதம் என்று புரியும்படி எழுத முடியுமா? முடியும். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஆளுக்கொரு குறியீட்டு முறை கிளம்பியது அந்த முடிவை ஆளுக்கொரு விதமாக எடுத்ததால்தான்.

பியானோவுக்குச் சுதி சேர்ப்பது என் பிழைப்பு, வீணை ஆசைக்கு. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது கொஞ்சம் சிக்கலான குடும்ப வாழ்க்கை. பியானோவில் நடு சி-யையும் அதன் மேலுள்ள ஈ-யையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்குப் பத்துக்குச் சற்று மேல் விம்மல்கள் (ஒலி பெருத்துச் சிறுக்கும் துடிப்புகள்) கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். அங்கே எல்லா ஸ்வரமும் ஆளுக்குக் கொஞ்சம் நஷ்டம் தாங்கிக்கொண்டு, பன்னிரண்டு சம பங்காக நிற்கிறது. மாலையில் வீடு திரும்பி, ஜீவாளியை (குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) நகர்த்தித் தம்புராவை மீட்டினால், மந்தர ஸ தந்தியிலிருந்து ஒரு காந்தாரம் தானாக எழும்பி, விம்மல் ஒன்றுகூட இல்லாமல் நிற்கிறது. அது ஐந்தாவது மேற்சுரம் (தந்தி தன் ஸ்வரத்தோடு தானே எழுப்பும், ஐந்து மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒலி), ஸ்தாயியைக் குறைத்துப் பார்த்தால் அதிர்வெண் விகிதத்தில் 5/4. பியானோ காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 செண்ட் கீழே. (ஒரு ஸ்தாயியை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரை உள்ள தூரத்தை, 1200 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு செண்ட். பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே 100.) பகல் முழுக்க நான் காசு வாங்கிக்கொண்டு கெடுத்து வைக்கும் காந்தாரம் அது.

இப்போது அந்த முடிவு விஷயம். இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம், மகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு எடுத்துப் போகும் வயலின், மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று சேர்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் ஸ–ப போல, அதாவது 3/2 ஆக, விம்மல் இல்லாமல். டி தந்தியில் முதல் விரலை வைத்து ஈ ஸ்வரத்தைப் பிடிக்கட்டும். அதைப் பக்கத்திலுள்ள ஏ தந்தியோடு சேர்த்து இழுத்து, இரண்டும் ஒன்றிக் கலக்கும் வரை விரலைச் சரிசெய்யட்டும். விரல் அங்கேயே இருக்க, இப்போது ஜி தந்தியோடு சேர்த்து இழுக்கட்டும். கரகரக்கும். அதைச் சரிசெய்ய விரலைப் பின்னால், பிருடைப் (தந்தி முறுக்கும் முளை) பக்கமாக, மூன்றரை மில்லிமீட்டர் போல இழுக்க வேண்டியிருக்கும். ஏ 440 என்றால் முதல் ஈ 330 ஹெர்ட்ஸ், இரண்டாவது ஈ 326-க்கு ஒரு முடி குறைவு. இரண்டுமே சரிதான், இரண்டுமே சுத்தம்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நடுவிலுள்ள விகிதம் 81/80, அதாவது 21.5 செண்ட். நம் சங்கீத நூல்கள் பிரமாண சுருதி என்பது இதையே. டி-யை ஸ என்று வைத்துக்கொண்டால் முதல் ஈ 9/8, இரண்டாவது 10/9. இரண்டுக்கும் நாம் சொல்லும் பெயர் சதுஸ்ருதி ரிஷபம்தான்.

ஆக, ஸ–ப சங்கிலியும் (3/2 மேல் 3/2 ஆக அடுக்கிக்கொண்டே போவது) சுத்தமாக இருக்க வேண்டும், காந்தாரமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் இரண்டையும் குறியில்லாமல் எழுத வழியில்லை. எதைச் சும்மா விடுவது, எதற்குக் குறி போடுவது? பென் ஜான்ஸ்டன் (1926–2019) என்ற அமெரிக்க இசையமைப்பாளர், சி-ஈ-ஜி, எஃப்-ஏ-சி, ஜி-பி-டி ஆகிய மூன்று கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) 4:5:6 என்று குறியில்லாமலே சுத்தமாக விழும்படி ஏழு எழுத்துகளையும் நிறுத்தினார். காந்தாரம் இலவசமாகக் கிடைத்துவிட்டது. விலை வேறிடத்தில்: டி-யிலிருந்து ஏ சுத்தமான ஸ–ப ஆகாமல் 40/27 என்று ஒரு பிரமாண சுருதி குறைந்து நின்றது. அதனால் வயலினின் திறந்த தந்திகளையே அவர் முறையில் ஜி, டி, ஏ+, ஈ+ என்று எழுத வேண்டும். பத்து சரக்கருவிக் குவார்ட்டெட் எழுதிய மனிதர் தெரியாமல் செய்திருக்க மாட்டார். இருந்தாலும், வாத்தியத்தைத் தொட்டவுடன் வருகிற ஸ்வரத்துக்கே கூட்டல் குறி என்பது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. இதற்கு நேர் எதிரான வழி, 2000-களின் தொடக்கத்தில் மார்க் சபாட்டும் வொல்ஃப்காங் ஃபான் ஷ்வைனிட்ஸும் உருவாக்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ் முறை. அதில் ஸ–ப சங்கிலிக்குக் குறியே கிடையாது. அதைவிட்டு விலகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. சுத்தமான காந்தாரத்துக்குக் கீழ்நோக்கிய அம்பு. ஏழாவது மேற்சுரத்துக்கு வேறொன்று, பதினொன்றாவதுக்கு இன்னொன்று.

உங்கள் மகள் எழுதியது இந்த இரண்டாவது கட்சியைச் சேர்ந்த, அம்புக்குப் பதில் எண்ணைப் போடுகிற ஒரு முறை. ஃபங்ஷனல் ஜஸ்ட் சிஸ்டம் என்பார்கள். உயர்நிலை ஒன்றில் படிக்கும் பகாக் காரணிகள்தான் இதற்கு முதலீடு. எந்த விகிதத்தையும் பகா எண்களாக உடைத்துவிடலாம். 2 என்பது ஸ்தாயி மாற்றம், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். 3 என்பது ஸ–ப சங்கிலி, அதற்குக் குறி இல்லை. 5, 7, 11 முதலியவை மிச்சமிருந்தால், மேலே இருப்பதைத் தலையிலும் கீழே இருப்பதைக் காலடியிலும் எழுத வேண்டும். 5/4-ல் 5 மேலே இருக்கிறது, ஆகவே எம்3⁵. 6/5-ல் 5 கீழே இருக்கிறது, ஆகவே சின்ன மூன்றாவதின் (மைனர் தேர்ட், நம் க2) காலடியில் 5. கூட்டலும் சுலபம்: 5/4-க்கு மேல் 6/5 வைத்தால் தலை 5-ம் கால் 5-ம் அடித்துக்கொண்டு போக, குறியில்லாத 3/2 மிஞ்சுகிறது. பகாக் காரணிகள் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே விதமாகத்தான் வரும் என்பதால், ஒரு பெயருக்கு ஒரு விகிதம், ஒரு விகிதத்துக்கு ஒரு பெயர். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை, இது கணக்கு.

சரி, நம் ஸ்வரங்களுக்கு வருவோம். ஸ–ப சங்கிலியில் கிடைக்கும் பன்னிரண்டையும் சும்மா எழுதிக்கொள்ளுங்கள்: ரி1 256/243, ரி2 9/8, க2 32/27, க3 81/64, ம1 4/3 என்று. இப்போது குட்டி 5-ஐப் போடத் தொடங்கினால், க3⁵ என்பது தம்புரா காட்டும் 5/4. ரி2⁵ என்பது 10/9. த2⁵ என்பது 5/3, நி3⁵ என்பது 15/8. மறுபக்கம் ரி1₅ என்பது 16/15, க2₅ என்பது 6/5, த1₅ 8/5, நி2₅ 9/5, ம1₅ 27/20. மிச்சமிருப்பது ம2 729/512, அதன் தலையில் 5 போட்டால் 45/32. ஸ-வுக்கும் ப-வுக்கும் இரட்டை கிடையாது. எண்ணிப் பாருங்கள்: பத்து ஸ்வரம் இரண்டிரண்டாக, அதோடு ஸ, ப. இருபத்திரண்டு. முதல் முறை இதை ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதிப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. சங்கீதப் புத்தகங்கள் நீளமான பின்னங்களாக அடுக்கி வைத்துப் பயமுறுத்தும் பட்டியல் முழுவதும், தெரிந்த பன்னிரண்டு பெயரும் ஒரு 5-ம் மட்டுமே.

தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தலையில் 5 போட்டால் ஸ்வரம் ஏறாது, இறங்கும். காலில் போட்டால் ஏறும். மேலே எழுதியிருப்பது ‘ஏற்று’ என்ற கட்டளை அல்ல, 5 பின்னத்தின் மேல்பக்கம் இருக்கிறது என்ற தகவல். 7-ம் தலையில் இருந்தால் இறக்கும், 27 செண்ட் போல. 11-ஓ தலையில் இருந்துகொண்டே 53 செண்ட் ஏற்றும். மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

இந்த எழுத்து வெறும் அழகுக்கா, கைக்கு உதவுமா என்றால், வீணைக்கு மெட்டு (தந்திக்கு அடியில் மெழுகில் பதிக்கும் கட்டை) வைப்பவர் காதால் செய்வதை இது காகிதத்தில் காட்டிவிடுகிறது. மெழுகு இளகியிருக்கும்போது நாலாவது மெட்டை நகர்த்தி, ஸ-வுக்குச் சேர்த்த சாரணித் தந்தியில் க3⁵ வரும்படி வைக்கிறோம் என்று வையுங்கள். அதே மெட்டில், கீழ் ப-வுக்குச் சேர்த்த பஞ்சமத் தந்தியை மீட்டினால் நி3⁵ வரும். மூன்றாவது மெட்டில் க2₅ வைத்தால் பக்கத்தில் நி2₅. சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே இருப்பது வெறும் 3 என்பதால், தலையில் இருப்பது தலையிலும் காலில் இருப்பது காலிலும் அப்படியே பக்கத்துத் தந்திக்குப் போகிறது. அதனால்தான் இரண்டாவது மெட்டு எப்போதும் ஒரு தொல்லை. சாரணியில் குறியில்லாத ரி2 வேண்டும் என்று 9/8-ல் வைத்தால், பஞ்சமத்தில் குறியில்லாத த2 (27/16) வந்து சேரும். தம்புராவோடு இழையும் த2⁵ அங்கே கிடைக்காது. தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது; எனவே இழுத்தும் பிடிக்க முடியாது. மெட்டைப் பின்னால் தள்ளி வைத்தால் இங்கே ரிஷபம் ஒரு பிரமாண சுருதி குறையும், ஆனால் குறைந்ததை இழுத்து ஏற்றிக்கொள்ளலாம். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று என் ஆசிரியர் விரலால் முடிவு செய்தார். எனக்குப் பின்னம் எழுதிப் பார்த்த பிறகுதான் அவர் என்ன செய்தார் என்று புரிந்தது.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. இனிச் சொல்வது அப்படியல்ல. பழைய நூல்கள் சொல்லும் 22, நான் மேலே எழுதிய 22-தானா? சிலப்பதிகார உரை வழியாக வந்த அலகுக் கணக்கில், ஏழு ஸ்வரங்களின் பழைய தமிழ்ப் பெயர்களில் சொன்னால், குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, கூட்டினால் 22. ஆனால் ஓர் அலகு என்பது இன்ன பின்னம் என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை. பின்னங்களைப் பொருத்தியது பின்னால் வந்தவர்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 என்பதையே ஏற்காமல், ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரிப்பதே தமிழ் மரபு என்று வாதிட்டார். அது சரியென்றால் 5-ம் கிடையாது, பின்னமும் கிடையாது. விபுலானந்த அடிகள் 1947-ல் யாழ் நூலில் 22 அலகை விகிதங்களோடு பொருத்திக் காட்டினார். இருவருமே ஆழ்ந்து படித்தவர்கள். எனக்கு விபுலானந்தர் பக்கம் சாய்வு உண்டு, அது என் காது தம்புராவில் வளர்ந்ததால் வந்த சாய்வு. அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பட்டியல்களும் தமக்குள் ஒத்துப்போவதில்லை. உதாரணமாக, இரண்டாவது பிரதி மத்திமத்துக்கு (ம2) சில பட்டியல்கள் 729/512 தருகின்றன, சில 64/45. இரண்டுக்கும் வித்தியாசம் 2 செண்டுக்கும் குறைவு, காது பிரிக்காது. ஆனால் எழுத்து பிரித்துவிடுகிறது: 64/45-ஐ இந்த முறையில் குறைந்த பஞ்சமம் என்றுதான் எழுத முடியும், ம2 என்று எழுதவே முடியாது. பஞ்சமத்தைக் குறைப்பது நம் ஊரில் கேள்விப்படாத விஷயம். ஸ்வர எழுத்துகளை வைத்து நான் செய்தது சொந்த உபயோகத்துக்கான ஒட்டு வேலைதான் என்பது இங்கே வெளிச்சமாகிவிடும்.

அப்புறம் கமகம். தோடியின் காந்தாரத்துக்கு என்ன குறி போடுவீர்கள்? அது ரிஷபத்தைத் தொட்டு மத்திமத்தைத் தொட்டு ஆடிக்கொண்டே இருக்கும் ஒன்று. க2 என்ற இடத்தில் நிற்கிற நேரத்தைவிட அங்கிருந்து கிளம்பிப் போகிற நேரம் அதிகம். அதன் தலையிலோ காலிலோ எண் எழுதுவது, ஓடுகிற பேருந்துக்கு வீட்டு முகவரி கொடுப்பது போல. 22 சுருதியை ராகவாரியாகப் பங்கு பிரித்து, இந்த ராகத்துக்கு இந்தப் பின்னம் என்று எழுதும் பட்டியல்களை நான் இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கிவிடுவேன். நின்று ஒலிக்கும் ஸ்வரத்துக்கு, தம்புராவுக்கு, வீணை மெட்டுக்கு, இரண்டு வயலின் சேர்ந்து ஒரே இடத்தில் நிற்க வேண்டிய நேரத்துக்கு இந்தக் குறியீடு பேசும். மற்றபடி வாயை மூடிக்கொள்ளும்.

பெரிய பகா எண்களுக்குப் போனால் முறைகளே தங்களுக்குள் சண்டை போடுகின்றன. 13/8 என்ற இடைவெளி 840 செண்டில் இருக்கிறது. த1-க்கு 48 செண்ட் மேலே, த2-க்கு 65 செண்ட் கீழே. மகள் எழுதும் முறை இதைச் சின்ன ஆறாவது (நம் த1) என்று வைத்துத் தலையில் 13 போடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ்காரர்கள் பெரிய ஆறாவதாக (நம் த2) எழுதி, 27/26 அளவு இறக்குவார்கள். காரணம், முதல் முறையில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது: ஸ–ப சங்கிலியில் ஒவ்வொரு படியாகத் தேடிப்போய், 65/63 என்ற அளவுக்குள், அதாவது 54 செண்டுக்குள், முதலில் அகப்படும் ஸ்வரத்தின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். 11 இந்தக் கோட்டுக்குள் மயிரிழையில் நுழைகிறது. கோட்டை ஒரு செண்ட் உள்ளே தள்ளியிருந்தால் அதற்கு வேறு பெயர் விழுந்திருக்கும். அந்த 65/63 இயற்கை கொடுத்ததல்ல, முறையை வகுத்தவரின் தேர்வு. நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். ஆனால் என் அனுபவம் 7-ஓடு முடிகிறது. 11-ஐச் சில தடவை காதால் பிடித்திருக்கிறேன், 13-ஐக் கருவியின் முள்ளைப் பார்க்காமல் பிடித்ததே இல்லை. ஆகவே அந்தச் சண்டையில் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை.

குறியீட்டை நம்பி நான் சூடு பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சமூக மன்ற நிகழ்ச்சிக்காக, வீணையோடு இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் வாசிக்கும்படி ஒரு சிறு உருப்படி அமைத்தேன். வாசித்தவர்கள் மேற்கத்திய முறையில் பயின்ற இளைஞர்கள், எல்லாரும் என்னைவிடத் தேர்ந்தவர்கள். அந்தர காந்தாரம் வரும் இடத்திலெல்லாம் கீழ்நோக்கிய அம்பு போட்டுக் கொடுத்தேன். அம்புக்கு என்ன அர்த்தம் என்று முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு பல இசையமைப்பாளர்கள் அதே அம்பைக் கால் சுரம் குறைக்கப் பயன்படுத்துகிறார்கள், அது 50 செண்ட். ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டார். இன்னொருவர் அச்சுப் பிழை என்று விட்டுவிட்டார். செல்லோக்காரர் மட்டும் வீணையைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். ஒத்திகை அறையின் குளிரில் பிருடைகள் வேறு வழுக்கிக்கொண்டிருந்ததால், குற்றம் குறியிலா தந்தியிலா என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போயிற்று. தப்பு முழுக்க என்னுடையது. குட்டி 5-ஐ நான் அம்பைவிட விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: அர்த்தம் தெரியாதவர் அதைப் பார்த்தால் ‘இது என்ன?’ என்று கேட்பார். அம்பைப் பார்த்தால் தெரிந்த மாதிரி வாசித்துவிடுவார்.

மகளுக்கு இப்போதைக்கு 5 போதும். பள்ளியில் பியானோவோடு சேர்ந்து வாசிக்கும்போது அந்த 5-ஐ மறந்துவிடச் சொல்லுங்கள். பியானோ நகராது, அவள்தான் நகர வேண்டும், இல்லாவிட்டால் அவள் காந்தாரம் தாழ்ந்திருப்பதாகச் சொல்வார்கள். பியானோ இல்லாமல் தந்திகள் மட்டும் நீளமாக நிற்கும் இடங்களில், மேஜர் கார்டின் நடு ஸ்வரம் தன் கையில் இருந்தால், பென்சிலால் ஒரு தலை 5 போட்டுக்கொள்ளலாம். கர்நாடக வகுப்பில் சங்கராபரணத்தில் காந்தாரத்தை நீட்டி நிறுத்தும்போது, சுருதிப் பெட்டிக்குப் பதில் நிஜத் தம்புரா கிடைத்தால் நல்லது. சில பெட்டிகளில் மேற்சுரம் தெளிவாக வருவதில்லை. மூன்றரை மில்லிமீட்டர் பரிசோதனையை முதலில் செய்யட்டும். அதற்கு முன் நாலு தந்தியும் விம்மல் இல்லாமல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலியின் பச்சை விளக்கைப் பார்த்துச் சேர்த்தால் அது பியானோ கணக்கில் சேர்த்திருக்கும், ஒவ்வொரு ஸ–ப-வும் 2 செண்ட் குறையும், பரிசோதனையின் கணக்கு சற்றுப் பிசகும். ஏ தந்தியை மட்டும் செயலியில் சேர்த்துவிட்டு மற்ற மூன்றையும் காதால் சேர்க்கட்டும்.